குண்டுப் பையனின் உயரம்

போன வருஷம் அக்கா மகனுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். ஓ.பி. சீட்டு வாங்கி, பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, ஒருவழியாக உள்ளே போனோம். பையனுக்குப் பதினொரு வயசு. நர்ஸ் எடை மெஷினில் ஏறச் சொன்னார். 58 கிலோ. டாக்டர் நிமிர்ந்து பையனைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். "என்னம்மா, பிள்ளைக்கு என்னத்ததான் போடுற?" என்றார். கதவு திறந்தேதான் கிடந்தது. வெளியே இருந்தவர்களில் நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். பையன் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. காய்ச்சலுக்கு மருந்து எழுதினார். கூடவே "சோத்தக் குறைங்க" என்று ஒரு வார்த்தை. மொத்தம் மூன்று நிமிஷம் ஆகியிருக்கும்.

அந்த அறைச் சுவரில் ஒட்டகச்சிவிங்கி படம் போட்ட உயர அளவுகோல் ஒன்று இருந்தது. அதில் பையனை யாரும் நிறுத்தவில்லை. அப்போது எனக்கும் அது ஒரு விஷயமாகப் படவில்லை. பிறகு ஹில்டே புரூக் என்ற பெண் மருத்துவரைப் பற்றிப் படித்தபோதுதான் அந்த ஒட்டகச்சிவிங்கி ஞாபகத்துக்கு வந்தது.

புரூக் 1904-ல் ஜெர்மனியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கணிதம் படிக்க ஆசை. யூதப் பெண்ணுக்குக் கணிதத்தில் என்ன வேலை கிடைக்கும், மருத்துவம் படி என்று மாமா ஒருவர் சொல்ல, மருத்துவத்துக்குப் போனார். குழந்தை மருத்துவரானார். 1933-ல் ஹிட்லர் வந்ததும் நாட்டைவிட்டுக் கிளம்பி, லண்டனில் ஒரு வருஷம் இருந்து, 1934-ல் நியூயார்க்கில் இறங்கினார். பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்தில் இருந்த காலம். ரொட்டிக்கும் சூப்புக்கும் தெருவில் வரிசை நிற்கிறது. ஆனால் அவர் கண்ணில் பட்டது வேறொன்று: தெருவிலும் சுரங்க ரயிலிலும் பள்ளிகளிலும் இத்தனை குண்டுக் குழந்தைகளா! ஐரோப்பாவில் அவர் இப்படிப் பார்த்ததில்லை. பஞ்ச காலத்து ஊரில் பருத்த பிள்ளைகள். இந்தப் புதிர் அவரை விடவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த பேபீஸ் ஹாஸ்பிடலில் வேலை கிடைத்தது. 1937 வாக்கில் இந்தக் குழந்தைகளை முறையாக ஆராய ஆரம்பித்தார்.

அன்றைக்கு ஒரு குண்டுப் பையனை, குறிப்பாகப் பையனை, டாக்டரிடம் கூட்டிப்போனால் என்ன நடக்கும்? பெரும்பாலும் 'ஃப்ரோலிக் நோய்' என்பார்கள். 1901-ல் வியன்னாவில் ஆல்ஃபிரட் ஃப்ரோலிக் என்பவர் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி. அதனால் பார்வைக் கோளாறு, உடல் பருமன், பருவ வளர்ச்சித் தடை. மிக அரிதான நோய். ஆனால் பெயர் பிரபலமாகிவிட்டது. முப்பது வருஷத்தில் கட்டி மறந்துபோய், பருமன் மட்டும் மிஞ்சியது. பருத்த பையன்களுக்கு அடிவயிற்றுக் கொழுப்பில் ஆண்குறி புதைந்து சின்னதாகத் தெரியும். அதைப் பார்த்ததும் "சுரப்பி வேலை செய்யவில்லை" என்று முடிவு கட்டி, சுரப்பிச் சாறுகளை ஊசியாகப் போட்டார்கள். (இன்றும் பல அப்பாக்கள் இந்தக் கவலையோடுதான், மெல்லிய குரலில், ஓ.பி.க்கு வருகிறார்கள். விரலால் கொழுப்பை அழுத்திப் பார்த்தால் அளவு சரியாகத்தான் இருக்கும்.)

புரூக் செய்தது எளிமையான காரியம். அளந்தார். உயரம், எடை, எலும்பின் வளர்ச்சி, பருவ மாற்றம் எல்லாவற்றையும். கணிதம் படிக்க நினைத்தவர் இல்லையா! சுரப்பி கெட்டிருந்தால் பிள்ளை குட்டையாக இருக்கவேண்டும், எலும்பு பின்தங்கியிருக்கவேண்டும், பருவம் தள்ளிப்போகவேண்டும். அவர் கண்டது நேர் எதிர். இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் தங்கள் வயதுக்கு உயரமானவர்கள். எலும்பு முந்தியிருந்தது. பருவம் தள்ளிப்போகவில்லை, சிலருக்குச் சீக்கிரமே வந்திருந்தது. 1939-ல் இது கட்டுரையாக வந்தது. அதே வருஷம் ஃப்ரோலிக்கின் அந்த முதல் நோயாளியைப் பற்றியும் தனியாக எழுதினார்: ஐயா, அந்தப் பையன் வேறு, நீங்கள் ஊசி போடும் பையன்கள் வேறு. ஃப்ரோலிக்கும் யூதர்தான். அவரும் அதே வருஷங்களில் வியன்னாவைவிட்டு அமெரிக்காவுக்குத் தப்பி வந்தார்.

இந்தக் கண்டுபிடிப்பு இன்றும் ஓ.பி. அறையில் உயிரோடு இருக்கிறது. பருத்த குழந்தை வயதுக்கேற்ற உயரமோ அதற்கு மேலோ இருந்தால், சுரப்பி நோய் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆயிரத்தெட்டு டெஸ்ட் எழுதத் தேவையில்லை. குழந்தை பருத்துக்கொண்டே போய் உயரம் நின்றுவிட்டால்தான் கவலை: தைராய்டு, குஷிங் நோய், பரம்பரைக் கோளாறுகள் என்று தேடவேண்டும். ஐம்பது ரூபாய் டேப் சொல்லும் செய்தி இது. சுவரில் ஒட்டகச்சிவிங்கி எதற்கு நிற்கிறது என்று இப்போது தெரிகிறதா?

புரூக்கின் கதை இத்தோடு முடிந்திருந்தால் அவரை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சுரப்பி இல்லையென்றால் வேறு என்ன என்ற கேள்வி இருக்கிறதே. புரூக் வீடுகளுக்குள் பார்க்க ஆரம்பித்தார். 1940-ல் கிரேஸ் டூரெயின் என்பவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை, பருத்த குழந்தைகளின் குடும்பச் சட்டகத்தைப் பற்றியது. பெரும்பாலும் புலம்பெயர்ந்து வந்த குடும்பங்கள், யூதர்கள், இத்தாலியர்கள். சின்னக் குடும்பம், ஒற்றைப் பிள்ளை அல்லது கடைக்குட்டி. அடங்கிய அப்பா, ஆளும் அம்மா. அம்மா பிள்ளையைத் தெருவில் விளையாட விடுவதில்லை, தானாக உடுத்த விடுவதில்லை, ஊட்டிக்கொண்டே இருக்கிறாள். கொடுக்க முடியாத அன்புக்குப் பதிலாகச் சோறு கொடுக்கிறாள் என்று கட்டுரை முடிவுக்கு வந்தது.

நான் அந்த வாதத்தில் ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். இந்தத் தாய்மார்களில் பலர் சின்ன வயதில் வறுமையிலும் பசியிலும் வளர்ந்தவர்கள் என்பதையும் அவர்களே பதிவுசெய்கிறார்கள். கண்ணெதிரே இருக்கிறது அந்தச் செய்தி. பட்டினி கிடந்த ஊரிலிருந்து கப்பலேறி வந்த பெண், பிள்ளை தட்டில் இரண்டாவது தடவை வைக்கிறாள். அதை ஒரு வரலாறாகப் படித்திருக்கலாம். ஒரு மனக்கோளாறாகப் படித்தார்கள். சுரப்பியைக் குற்றக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டார் புரூக். காலியான கூண்டில் அம்மா ஏறினாள்.

அடுத்த பல பத்தாண்டுகளுக்கு அவள் இறங்கவில்லை. அது மனப்பகுப்பாய்வின் பொற்காலம். ஆட்டிசத்துக்கு அம்மா, மனச்சிதைவுக்கு அம்மா, ஆஸ்துமாவுக்கும்கூட அம்மா. பருமனுக்கும் அம்மா என்பது அந்தக் காலத்துக்கு இயல்பாகவே பொருந்திப்போனது. புரூக்கும் 1940-களில் உளமருத்துவத்துக்கு மாறிவிட்டார். பின்னாளில் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது சாப்பிட மறுக்கும் பெண்களைப் பற்றி 1978-ல் எழுதிய 'தங்கக் கூண்டு' புத்தகத்துக்காக. நியாயமாக ஒன்றும் சொல்லவேண்டும். பருத்த குழந்தையை மிரட்டிப் பட்டினி போடுவதற்கு அவர் எதிராகவே இருந்தார். குழந்தை என்ன சொல்கிறது என்று கேளுங்கள் என்று திரும்பத் திரும்ப எழுதினார்.

குழந்தைக்கு வெளியே என்ன கிடைத்துக்கொண்டிருந்தது என்பதற்கு 1961-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு போதும். பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளிடம் ஆறு படங்கள் கொடுத்தார்கள். குறையொன்றும் இல்லாத பிள்ளை, ஊன்றுகோலோடு ஒன்று, சக்கர நாற்காலியில் ஒன்று, ஒரு கை இல்லாத ஒன்று, முகத்தில் சிதைவு உள்ள ஒன்று, குண்டான ஒன்று. யாரை எவ்வளவு பிடிக்கும், வரிசைப்படுத்து. குண்டுப் பிள்ளை கடைசியில் வந்தது. நாற்பது வருஷம் கழித்து, 2003-ல், அதே சோதனையைத் திரும்பச் செய்து வெளியிட்டார்கள். இந்த நாற்பது வருஷத்தில் குண்டுப் பிள்ளைகள் எண்ணிக்கை பலமடங்கு ஏறியிருந்தது. வெறுப்பும் ஏறியிருந்தது.

அம்மாவைக் கூண்டிலிருந்து இறக்கியது டென்மார்க்கின் தத்துப் பதிவேடு. ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க மருத்துவர், டேனிஷ் ஆய்வாளர்களோடு சேர்ந்து, சின்ன வயதில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்து பெரியவர்களான 540 பேரை எடுத்துக்கொண்டார். இவர்கள் உடல்வாகு யாரைப் போல இருக்கிறது? ஊட்டி வளர்த்த அம்மா அப்பாவைப் போலவா, பார்த்தே இராத பெற்றவர்களைப் போலவா? 1986-ல் விடை வந்தது: பெற்றவர்களைப் போல. வளர்த்தவர்களின் பருமனுக்கும் இவர்கள் பருமனுக்கும் தொடர்பே தெரியவில்லை. புரூக் இறந்து அப்போது ஒரு வருஷத்துக்குச் சற்று மேல் ஆகியிருந்தது.

அதன் பிறகு 1994-ல் நியூயார்க்கில் லெப்டின் என்ற ஹார்மோன் கண்டுபிடிக்கப்பட்டது. கொழுப்புத் திசுவே சுரந்து, "போதும், வயிறு நிறைந்தது" என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன். 1997-ல் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் பாகிஸ்தானிய வம்சாவளியைச் சேர்ந்த, சொந்தத்துக்குள்ளேயே மணம் முடிக்கும் ஒரு குடும்பத்தின் இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். எட்டு வயதுப் பெண், 86 கிலோ. அவளுடைய உறவுக்காரப் பையன், இரண்டு வயது, 29 கிலோ. இருவர் உடலிலும் லெப்டின் இல்லை. தீராத பசி. லெப்டின் ஊசி போட ஆரம்பித்ததும் அந்தப் பெண்ணின் பசி அடங்கியது, எடை இறங்கியது. அதுவரை அந்தப் பெற்றோரைப் பார்த்து எத்தனை பேர் "என்னத்ததான் போடுறீங்க" என்று கேட்டிருப்பார்கள்! இது மிக மிக அரிதான நோய். ஓ.பி.க்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு லெப்டின் குறைவே கிடையாது. ஆனாலும் பசி என்பது ஒழுக்கப் பிரச்சினை இல்லை, உடம்பு போடும் கணக்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

அப்படியென்றால் எல்லாம் ஜீன்தான், செய்வதற்கு ஒன்றுமில்லை என்றாகிவிடுமா? ஆகாது. முப்பது வருஷத்தில் ஒரு நாட்டின் ஜீன் மாறிவிடாது. பிள்ளைகளின் உடம்பு மாறியிருக்கிறது. தூக்கமும் தெருவும் திரையும் பத்து ரூபாய் பாக்கெட்டும் மாறியிருக்கின்றன. ஜீன் முடிவு செய்வது, இந்த மாற்றத்தில் யார் உடம்பு சீக்கிரம் பருக்கும் என்பதை.

சரி, வைத்தியம்? 1970-களின் கடைசியில் லெனார்ட் எப்ஸ்டீன் என்ற உளவியலாளர் பிட்ஸ்பர்க்கில் ஒரு எளிய முறையை வைத்து வேலை செய்ய ஆரம்பித்தார். டிராஃபிக் சிக்னல் மாதிரி. பச்சை, தாராளமாகச் சாப்பிடு. மஞ்சள், பார்த்துச் சாப்பிடு. சிவப்பு, எப்போதாவது. ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் இதில் முக்கியம் கலர் இல்லை. குடும்பங்களை மூன்று பிரிவாகப் பிரித்தார். ஒன்றில் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்தே இலக்கு வைத்துக்கொண்டு எடை குறைக்கவேண்டும். இன்னொன்றில் பிள்ளைக்கு மட்டும் இலக்கு. மூன்றாவதில் வந்துபோனாலே போதும். பத்து வருஷம் கழித்து, 1990-ல், முடிவை வெளியிட்டார். சேர்ந்து செய்த குடும்பத்துப் பிள்ளைகள், தொடங்கிய இடத்தைவிடக் கீழே இருந்தார்கள். மற்ற இரண்டு பிரிவுகளிலும் ஏறியிருந்தது. பத்து வருஷம் தாக்குப்பிடித்த பருமன் வைத்தியம் எந்த வயதிலும் அபூர்வம். புரூக்கும் குடும்பத்தைத்தான் பார்த்தார், எப்ஸ்டீனும் குடும்பத்தைத்தான் பார்த்தார். முன்னவர் அங்கே காரணத்தைத் தேடினார். பின்னவர் உதவிக்கு ஆள் தேடினார்.

இனி நம்ம ஊர். இங்கே எடை மெஷின் வேறொரு வேலைக்காக வந்தது. நைஜீரியக் கிராமம் ஒன்றில் டேவிட் மோர்லி என்ற ஆங்கிலேய மருத்துவர் உருவாக்கிய வளர்ச்சி அட்டை, இரண்டு கோடுகளும் இடையில் ஒரு பாதையும் கொண்டது. உலகமெங்கும் பரவியது. கண் எப்போதும் கீழ்க்கோட்டின் மேல்தான். பிள்ளை அதற்குக் கீழே விழுந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் 1980-ல் உலக வங்கி உதவியோடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்தில் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை உள்ள பிள்ளைகளை மாதாமாதம் நிறுத்தார்கள். எடை ஏறாத பிள்ளைக்குச் சத்துணவு, ஏறியதும் நிறுத்திவிடுவார்கள். எங்கள் ஊரும் மதுரைப் பக்கம்தான். அக்கா அந்தத் தராசில் தொங்கியவள். எடை ஏறினால் அம்மாவுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று இப்போதும் வீட்டில் பேசுவார்கள். மேல்கோடு என்று ஒன்று இருப்பதை யாரும் அம்மாவுக்குச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. நியூயார்க் தாய்மார்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு அம்மாவும் அக்காவும்தான் தெரிந்தார்கள்.

கோடுகளுக்கும் ஒரு கதை உண்டு. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கு பெல்ஜியத்துக்காரர் கெட்லேயுடையது, 1830-கள். அவர் வானியலாளர், பருமனைப் பற்றிக் கவலைப்பட்டவரே இல்லை. 1972-ல் ஆன்செல் கீஸ் அதற்கு பி.எம்.ஐ. என்று பெயர் வைத்தார். குழந்தைகளுக்கு இதை அப்படியே போட முடியாது. ஒரு வயதுக்குப் பிறகு பி.எம்.ஐ. இறங்கி, ஆறு வயது வாக்கில் தரைதட்டி, மறுபடி ஏறும். நாலு வயசில் பிள்ளை ஒல்லியாகத் தெரிவது இயல்பு. நம் வீடுகளில் பாட்டிகள் கவலைப்பட்டு நெய் ஊற்ற ஆரம்பிப்பதும் சரியாக அந்த வயசில்தான். அதனால் வயதுக்கும் பாலினத்துக்கும் தனித்தனிக் கோடு வேண்டும்.

யாருடைய கோடு என்பது அடுத்த சிக்கல். புனேயில் ரஞ்சன் யாஜ்னிக் என்ற மருத்துவர், லண்டனைச் சேர்ந்த சக மருத்துவர் யுட்கினோடு நிற்கும் புகைப்படம் ஒன்று 2004-ல் லான்செட் இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. ஒரே 22.3. உடம்பின் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. புனேயில் பிறக்கும் குழந்தைகளே, எடை குறைவாக இருந்தும், கொழுப்பில் குறைவில்லாமல் பிறக்கின்றன என்று அவர் குழு முன்பே காட்டியிருந்தது. வெளியே ஒல்லி, உள்ளே பருமன். மேற்கத்தியக் கோட்டை வைத்தால் நம் பிள்ளைகள் பலர் தப்பிவிடுவார்கள். அதனால் 2015-ல் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 5 முதல் 18 வயதுவரைக்கும் புது அட்டை போட்டது. பெரியவர்களுக்கான 25, 30-க்குப் பதிலாக 23, 27-க்கு இணையான கோடுகள் அதில். ஐந்து வயதுக்குக் கீழே அதிக எடையுள்ள பிள்ளைகள் தேசியக் குடும்பநல ஆய்வில் 2015-16-ல் 2.1 சதவீதம், 2019-21-ல் 3.4. எண் சின்னதுதான், திசையைப் பாருங்கள். அதே ஆய்வில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிள்ளைகள் வயதுக்கேற்ற உயரமில்லாமலும் இருக்கிறார்கள். ஒரே ஓ.பி. வரிசையில் இரண்டு பேரும் நிற்கிறார்கள்.

2023-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் புதிய வழிகாட்டி வெளியிட்டார்கள். வளர்ந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். குடும்பத்தோடு குறைந்தது 26 மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். பன்னிரண்டு வயதுக்கு மேல் மருந்து, பதிமூன்றுக்கு மேல் தேவைப்பட்டால் அறுவை சிகிச்சைக்கும் அனுப்பலாம். அங்கே பெரிய சண்டை நடந்தது மருந்தையும் கத்தியையும் பற்றி. எனக்குக் கண்ணில் நின்றது அந்த 26 மணி நேரம். எங்களுக்குக் கிடைத்தது மூன்று நிமிஷம். அதிலும் காய்ச்சல் போக மிச்சம்தான் பருமனுக்கு.

இரண்டு மாதம் கழித்து அக்காவை வேறொரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். இளம்பெண். முதலில் கதவைச் சாத்தினார். பையனைச் சுவரோடு நிறுத்தி அளந்தார்: 150 சென்டிமீட்டர். அட்டையை எடுத்துப் புள்ளி வைத்தார். உயரம் அவன் வயதுக்கு நன்றாகவே மேலே. பி.எம்.ஐ. 27-க் கோட்டுக்கும் மேலே. "சுரப்பி கோளாறு மாதிரி தெரியல. அதுக்குன்னு தனியா டெஸ்ட் வேணாம்," என்றார். பிறகு கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்கழுத்தில் கறுப்பாக, வெல்வெட் துணி மாதிரி ஒரு பட்டை. அக்கா அவசரமாக, "தினம் பீர்க்கங்கா நார் போட்டுத் தேய்க்கிறேன் டாக்டர், அழுக்குப் போகவே மாட்டேங்குது" என்றாள். "இது அழுக்கு இல்லக்கா. உடம்புல இன்சுலின் கூடுதலா ஓடுதுன்னு தோல் சொல்லுது. தேய்க்காதீங்க, புண்ணாகிடும்." சர்க்கரைக்கும் ஈரலுக்கும் ரத்தம் எழுதினார், பி.பி. பார்த்தார். குறட்டை உண்டா, பள்ளியில் யாராவது பேர் வைத்துக் கூப்பிடுகிறார்களா என்று அவனிடமே கேட்டார். இரண்டாவது கேள்விக்கு அவன் பதில் சொல்லவில்லை. அவர் மறுபடி கேட்கவில்லை, ஏதோ குறித்துக்கொண்டார்.

டயட் சார்ட் எதுவும் தரவில்லை. இப்போது இருக்கிற எடை ஏறாமல், உயரம் மட்டும் ஏறினாலே முதல் ஆறு மாதத்துக்குப் போதும் என்றார். வீட்டில் ராத்திரி யார் யார் சேர்ந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். "அவங்கப்பா பத்து மணிக்கு வருவாரு. வரும்போது புரோட்டா வாங்கிட்டு வருவாரு," என்றாள் அக்கா. "அடுத்த தடவை அவரையும் கூட்டிட்டு வாங்க."

"எனக்கு எதுக்கு? நான் நல்லாத்தான இருக்கேன்," என்று ஒரு வாரம் பிடிவாதம் பிடித்தார் அக்கா வீட்டுக்காரர். கடைசியில் வந்தார். பையன் மெஷினில் ஏறி இறங்கியதும், "நீங்களும் ஏறுங்க சார்" என்றார் டாக்டர். செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பாக்கெட்டிலிருந்த செல்போனையும் சாவிக்கொத்தையும் எடுத்துப் பையன் கையில் கொடுத்துவிட்டு ஏறினார். முள் எங்கே நிற்கிறது என்று பையன்தான் குனிந்து பார்த்துச் சொன்னான்.